கழக அணியில் ஓட்டும்போது சக வீரருக்காக உழைப்பது முறையா?

ஹரோ சைக்கிளோட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் வசிக்கும் நான், கடந்த ஆண்டு எங்கள் பகுதியிலுள்ள ஒரு சைக்கிள் கழகத்தில் சேர்ந்து, இந்த ஆண்டின் வசந்த காலத்திலிருந்து தேசியச் சைக்கிள் அமைப்பான பிரிட்டிஷ் சைக்கிளிங்கின் உரிமத்துடன் பந்தயங்களில் கலந்துகொண்டு வருகிறேன். இன்னும் தொடக்க நிலையான நான்காம் பிரிவில்தான் இருக்கிறேன். மூன்றாம் பிரிவுக்கு உயரத் தேவையான 12 புள்ளிகளில் பாதிகூட என்னிடம் சேரவில்லை.

அண்மையில் ஹில்லிங்டன் சுற்றுப்பாதையில் மூன்றாம் பிரிவினரும் நான்காம் பிரிவினரும் சேர்ந்து ஓட்டும் ஒரு பந்தயத்துக்கு எங்கள் கழகத்திலிருந்து ஆறு பேர் பதிவு செய்திருந்தோம். புறப்படுவதற்குச் சற்று முன்னர் அணித்தலைவர் எங்களை அழைத்து, எங்களில் ஒருவர் இரண்டாம் பிரிவுக்கு உயரும் தறுவாயில் இருப்பதால் மற்ற ஐவரும் அவருடைய வெற்றிக்காகவே ஓட்ட வேண்டும் என்றார். நான் மறுப்புச் சொல்லவில்லை. பிரிந்து செல்ல முயன்றவர்களைத் துரத்திப் பிடிப்பதிலும், கடைசிச் சுற்றுகளில் கூட்டத்தின் முன்னால் நின்று வேகத்தைக் கூட்டுவதிலும் என் பலம் முழுவதும் செலவாகிவிட்டது. அவர் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார். நான் புள்ளிகளுக்கு வெகு தொலைவில் முடித்தேன். அவர் வந்து கைகுலுக்கி நன்றி சொன்னபோது மனம் நிறைவாகவே இருந்தது. ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை: சம்பளம் வாங்கும் தொழில்முறை அணிகளின் பழக்கத்தை, நுழைவுக் கட்டணத்தைத் தாமே செலுத்தி ஓட்டும் எங்களைப் போன்றவர்கள் கைக்கொள்வது முறைதானா?

இதனோடு சேர்ந்த இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. விதிகளின்படி இப்படி ஓட்டுவதில் தவறேதும் இருக்கிறதா? அணியிலேயே பலம் குறைந்தவனான என்னைப் போன்ற ஒருவனால் உண்மையில் பயனுள்ள எந்த வேலையைச் செய்ய முடியும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கென்ட் சாலை எழுதியது:

தம்பி, முதலில் விதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எளிது. ஒரே கழகத்தின் சட்டையை அணிந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது சாலைப் பந்தயத்தின் இயல்பான பகுதி. அதில் எந்தத் தவறும் இல்லை. வெவ்வேறு கழகங்களைச் சேர்ந்தவர்கள் முடிவை முன்கூட்டியே தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதுதான் குற்றம். ஒவ்வொருவரும் தம் வாய்ப்புக்காக நேர்மையாகப் போராட வேண்டும் என்று உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிகளும் தெளிவாகவே கூறுகின்றன. அதேபோல, உங்கள் தோழர் முன்னால் போய்விட்டார் என்பதற்காகப் பின்னால் வருபவரின் பாதையை உடலால் மறிப்பதையும், திருப்பத்தில் வேண்டுமென்றே பிரேக் பிடிப்பதையும் நடுவர் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது. எலும்பு முறிவதற்கு அதுவே போதும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பலம் குறைந்தவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். காற்றை நினைத்துப் பாருங்கள். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் மிகப் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. ஒருவருடைய பின்சக்கரத்தை நெருங்கி ஓட்டுபவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகை இதைவிடவும் பெரியது: 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை மாதிரியாக வைத்து 2018ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ட் பிளாக்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர் மீது விழும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர் மீது விழுவதில் வெறும் ஐந்து முதல் பத்து விழுக்காடாகக் குறைந்துவிடக்கூடும் என்று கண்டார்கள். அமெச்சூர் பந்தயங்களில் கூட்டம் சிறியது, இடைவெளிகளும் அதிகம் என்பதால் அவ்வளவு கிடைக்காது. இருந்தாலும், நான்காம் பிரிவு ஓட்டுநர் ஒருவரால் தம்மைவிட வலிமையான ஒருவருக்கு உதவ முடிவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். அவரைவிட வேகமாக நீங்கள் போக வேண்டியதில்லை. அவர் காற்றில் நிற்க வேண்டிய இரண்டு நிமிடங்களில் அவருக்குப் பதிலாக நீங்கள் நின்றால் போதும்.

எனவே, உங்களுக்கு மிகவும் பொருத்தமான வேலை கடைசி வேக ஓட்டத்தில் முன்னிழுப்பது, அதாவது தோழரைப் பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வேகம் கூட்டுவது, அன்று. அதற்கு முந்திய பத்து நிமிடங்களில் உங்கள் தோழரைக் கூட்டத்தின் பின்பகுதியிலிருந்து முன்பகுதிக்குக் கொண்டு சேர்ப்பதுதான். ஹில்லிங்டன் பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள, பெரும்பாலும் சமமான, அகன்ற பாதை. அங்கே பிரிந்து செல்பவர்கள் நிலைப்பது அரிது என்பதால் பந்தயம் பெரும்பாலும் கூட்டு வேக ஓட்டத்தில்தான் முடிகிறது. கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது முதல் பத்துப் பேருக்குள் இல்லாதவருக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். கூட்டம் சற்றுத் தளர்ந்து பரவும் கணத்தில், காற்று வீசும் பக்கத்தில் நீங்கள் ஓட்டி, அவரை உங்கள் மறைவில் வைத்துக்கொண்டு ஓரமாக முன்னேறுங்கள். அவர் தாமாக முன்னேறினால் செலவழித்திருக்கக்கூடிய பலம் முழுவதும் அவருடைய கால்களிலேயே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு இந்த வேலை படாது. முடிவுப் பட்டியலிலும் வராது. என் மதிப்பீட்டில், கழக அணி ஒன்று செய்யக்கூடிய பணிகளில் இதுவே முதன்மையானது.

பிரிந்து சென்ற குழுவில் உங்கள் தோழர் இருந்தால் உங்கள் பணி இன்னும் எளிது. கூட்டத்தின் முன்வரிசையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருங்கள். துரத்த முயல்பவரின் சக்கரத்தைப் பிடித்துப் போங்கள். ஆனால் உங்கள் முறை வரும்போது முன்னால் சென்று இழுக்காதீர்கள். ஒருவர் இழுக்க மறுத்தாலே துரத்தலின் சீர் குலைந்துவிடும். அதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. உங்கள் சட்டையைப் பார்த்தவுடனேயே எல்லோருக்கும் காரணம் புரிந்துவிடும்.

இலஃபோர்ட் மூத்தவன் எழுதியது:

முறையா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். காலையில் வந்து நிற்பவரிடம், புறப்படுவதற்குச் சற்று முன்னர் இப்படிக் கேட்பது முறையன்று. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் விரும்பி ஏற்றிருப்பீர்கள், அல்லது வேறொரு பந்தயத்துக்குப் பதிவு செய்திருப்பீர்கள். உங்கள் வயது நாற்பதைக் கடந்திருந்தால் எல்விஆர்சி எனப்படும் மூத்தோர் பந்தய அமைப்பையும் பாருங்கள். அங்கே ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். பிரிவு உயர்வு என்ற கவலை இல்லாததால் ஒருவருக்கொருவர் உதவுவது தானாகவே நடக்கிறது.

லீ பள்ளத்தாக்கு எழுதியது:

எங்கள் கழகத்தின் பெண்கள் அணியைச் சில காலமாக ஒருங்கிணைத்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். கென்ட் அண்ணா காற்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தம்பியின் உறுத்தலுக்குக் காரணம் காற்று அன்று. புள்ளிகள் பகிரப்படும் முறைதான்.

நம் நாட்டுப் பிரிவு முறையில் புள்ளிகள் தனி மனிதருக்கே சேர்கின்றன, கழகத்துக்கன்று. எங்கள் நிலைப் பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்குள் வருபவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். பதினொன்றாவதாக வந்தவரும், தோழருக்காக உழைத்துக் கடைசியாக வந்தவரும் பட்டியலில் ஒன்றே. தொழில்முறை அணியில் உதவியாளருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பரிசுப் பணத்தில் பங்கு இருக்கிறது. இங்கே அவருக்குக் கிடைப்பது ஒரு கைகுலுக்கல் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் தொலைக்காட்சியில் பார்த்ததை அப்படியே கழகத்துக்குள் கொண்டுவரும் அணித்தலைவர்கள், இரண்டே ஆண்டுகளில் புதியவர்களை இழந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி உதவலாமா என்பதன்று, யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்பது. நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு 12 புள்ளிகள் போதும். ஒருமுறை மூன்றாம் பிரிவுக்கு ஏறியவர் மீண்டும் நான்காம் பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு 40 புள்ளிகள் வேண்டும். அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஆண்டுதோறும் புள்ளிகள் சேர்க்கவும் வேண்டும். இதைப் பார்த்தால், புதியவர் ஒருவருக்காக அணி செய்யும் உழைப்பு ஒருபோதும் வீணாகாத உழைப்பு என்பது தெரியும். இரண்டாம் பிரிவை நெருங்கியிருப்பவருக்காகச் செய்யும் உழைப்போ, அடுத்த ஆண்டு அவர் காயம்பட்டால் மறைந்துவிடக்கூடியது. எனவே எங்கள் அணியில் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினோம். பருவத்தின் முதற்பாதியில் அனுபவமுள்ள மூன்றாம் பிரிவினர் நான்காம் பிரிவினருக்காக உழைப்பார்கள். புதியவர் மேலேறிய பிறகு, அவர் மற்றவர்களுக்குத் திருப்பி உழைப்பார்.

இதில் நாங்கள் எதிர்பாராத நன்மையும் கிடைத்தது. புதியவர் தம் முதல் பந்தயங்களிலேயே சரியான இடத்தில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதை உடலால் உணர்ந்துவிடுகிறார். கூட்டத்தின் பின்பகுதியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் நீளும் இடைவெளியை மூடுவதிலேயே களைத்துப் போகும் ஓட்டுநர் ஓராண்டில் கற்றுக்கொள்வதை, முன்வரிசையில் அழைத்துச் செல்லப்படுபவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறார். பெண்கள் பந்தயங்களில் கூட்டம் சிறியதாக இருப்பதாலும், பல நிலையினர் ஒன்றாகவே ஓட்ட நேர்வதாலும் இது எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. தனியாக விடப்பட்ட புதியவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே பின்தங்கி, பிறகு பந்தயத்தின் பக்கமே வராமல் போனார்கள்.

எங்கள் ஒழுங்கின் இன்னொரு பகுதி, பாதையைப் பார்த்துத் தலைமையைத் தீர்மானிப்பது. ஹில்லிங்டனுக்கும், ஸ்ட்ராட்ஃபோர்டில் வெலோட்ரோம் என்னும் சைக்கிள் ஓட்ட அரங்கத்தை அடுத்துள்ள ஒரு மைல் சுற்றுப்பாதைக்கும் வேக ஓட்டக்காரர். சர்ரே குன்றுகளில் நடக்கும் திறந்த சாலைப் பந்தயத்துக்கு ஏற்றத்தில் வல்லவர். நான்காம் பிரிவினருக்கு மட்டுமான பந்தயங்களில் யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். இவற்றையெல்லாம் பருவம் தொடங்கும் முன்னரே எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்கிறோம். பரிசுப் பணம் எவ்வளவு சிறிதானாலும் உழைத்தவர்களோடு பகிரப்படும்.

ஹரோ சைக்கிளோட்டி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. லீ பள்ளத்தாக்கு அக்கா சொன்ன ஒழுங்கை எங்கள் கழகக் கூட்டத்தில் முன்வைக்கப் போகிறேன். கென்ட் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசிச் சுற்றில் நான் முன்னால் சென்று வேகத்தைக் கூட்டியபோது அந்தத் தோழர் என் பின்சக்கரத்தில் இல்லை. எங்களுக்கு நடுவில் வேறு கழகத்தினர் இருவர் புகுந்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் என் உழைப்பு எதிரணிக்கே பயன்பட்டது. பின்னால் யார் இருக்கிறார் என்பதை முன்னால் இருப்பவர் எப்படி அறிந்துகொள்வது?

கென்ட் சாலை எழுதியது:

அறிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு உங்களுடையது அன்று, தம்பி. கூட்டம் முழு வேகத்தில் போகும்போது முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் சைக்கிளும் அந்தப் பக்கம் சாயும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பின்னால் இருப்பவரின் கடமை. அவர் இருக்கிறார் என்பதைக் குரலால் தெரிவிக்க வேண்டும், விலக நேர்ந்தால் அதையும் கத்திச் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு சொற்கள் போதும்; ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஓட்டங்களிலேயே அவற்றைப் பழகியிருக்க வேண்டும். பந்தயத்தின் இரைச்சலில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை வேறு. வேகத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். பெரும்பாலான அமெச்சூர் முன்னிழுப்புகள் கெடுவது இங்கேதான். ஆர்வத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் பின்னால் இருப்பவருக்கு ஒரு சைக்கிள் நீள இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் மற்றவர்கள் வந்துவிடுவார்கள். திருப்பத்திலிருந்து வெளிவரும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் நீங்கள் நேராகி மிதிக்கத் தொடங்கும் கணத்தில் அவர் இன்னும் சாய்ந்தே இருப்பார். படிப்படியாகக் கூட்டுங்கள். பக்கவாட்டில் யாரும் ஏறிவர முடியாத அளவுக்கு வேகம் உயர்ந்துவிட்டால் உங்கள் பணி முடிந்தது. அதற்குமேல் உயர்த்த வேண்டியதில்லை.

முடிவுக் கோட்டுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும்போது அவர் உங்களைக் கடந்து செல்வார். அந்தக் கணத்தைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். களைப்பில் பெடலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காராதீர்கள், பக்கவாட்டில் விலகவும் செய்யாதீர்கள். உங்களுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் மணிக்கு 50 கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தில் வருகிறார்கள். நேர்கோட்டில் இருங்கள், மெல்லவாவது மிதித்துக்கொண்டே இருங்கள், அவர்கள் உங்களைச் சுற்றிச் செல்லட்டும். முன்னிழுத்தவர் திடீரென்று தளர்ந்ததால் பின்னால் வந்த பலர் விழுந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கதையில் மூவர் நான்கு பேர் ஒரே நேரத்தில் முன்னிழுக்க முயன்றதாகவும் தோன்றுகிறது. ஆறு பேர் கொண்ட அணிக்கு அது தேவையற்றது. இருவர் தொடக்கத்தில் பிரிந்து செல்பவர்களைக் கவனிக்கட்டும், ஒருவர் தலைமை ஓட்டுநரை முன்வரிசைக்குக் கொண்டுவரட்டும், ஒருவர் மட்டும் கடைசியில் இழுக்கட்டும். மீதமுள்ள ஒருவர் தமக்காக ஓட்டட்டும். முதலாமவர் சிக்கிக்கொண்டால் கழகத்துக்கு அவர் மூலமாவது ஓர் இடம் கிடைக்கும்.

பழைய சக்கரம் எழுதியது:

எல்லோரும் உதவுவதன் சிறப்பையே பேசிவிட்டீர்கள். மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்த நாட்டின் கழக ஓட்டம் தனி ஓட்டத்தில் வேர்விட்டது. பொதுச் சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டினால் காவல்துறையின் எதிர்ப்பு வரும் என்று அஞ்சிய பழைய தேசியச் சைக்கிள் சங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைக் கைவிட்டது. 1895இல் நார்த் ரோடு கழகத்தினர், ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்படும் நேர ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலேயக் கழகங்களின் பந்தயம் என்றால் அதுதான். 1942இல் பெர்சி ஸ்டாலர்ட் என்ற ஓட்டுநர் சங்கத்தின் தடையை மீறி, லாங்கொலனிலிருந்து வுல்வர்ஹாம்டன் வரை 59 மைல் கூட்டுப் பந்தயத்தை நடத்திக் காட்டினார். அதற்காகச் சங்கத்தால் ஒதுக்கப்பட்டார். அவர் வழிவந்த, கூட்டுப் பந்தயங்களை நடத்திய லீக் என்னும் புதிய அமைப்பும் பழைய சங்கமும் ஒன்றிணைய 1959 வரை ஆயிற்று. நாம் இன்று கூட்டமாக ஓட்டுவது அந்தப் பிடிவாதத்தின் பயனே. அதை நான் மறக்கவில்லை.

ஆயினும் ஐரோப்பியக் கண்டத்து அணி ஒழுக்கத்தின் புகழ்பெற்ற கதைகளைக் கழகத்துக்குள் கொண்டுவருவோர், அவற்றின் விலையையும் சொல்ல வேண்டும். 1934 டூர் டி பிரான்ஸில் இருபது வயது ரெனே வியெத்தோ, பிரனீஸ் மலைகளில் தம் தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்குத் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டிக்காகச் சாலையோரச் சுவரில் அமர்ந்து அழுதார். மாஞ் அந்த ஆண்டு வென்றார். வியெத்தோ ஐந்தாவதாக முடித்தார். அதன் பிறகும் அவர் ஒரு டூரைக்கூட வெல்லவில்லை. அது தொழில். அங்கே தியாகத்துக்குப் புகழாவது கிடைத்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் ஒருவரிடம், மற்றொருவரின் உரிமத்தில் ஓர் எண் மாறுவதற்காக அபாயமான கடைசிச் சுற்றில் முன்னால் போ என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். விரும்பிச் செய்தால் அழகு. கேட்டுச் செய்வித்தால் சுமை.

அணியாகவே வெல்ல வேண்டும், ஆனால் யாரும் தம் வாய்ப்பைக் கைவிடவும் கூடாது என்று நினைப்பவர்களுக்கு நேர ஓட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கழகங்கள் நடத்தும் திறந்த நேர ஓட்டங்களில் ஒரே கழகத்தைச் சேர்ந்த மூன்று சிறந்த ஓட்டுநர்களின் நேரங்களைக் கூட்டி அணிப் பரிசு தருவார்கள். 10 மைலோ 25 மைலோ, ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற முழு வேகத்தில் தமக்காகவே ஓட்டுகிறார்கள். மூன்றாவது நேரத்தைக் கொடுப்பவரின் ஒவ்வொரு வினாடியும் முதலாமவரின் வினாடியைப் போலவே கணக்கில் வருகிறது. ஹரோ தம்பி தம் கழகத்திலிருந்து இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் பருவம் முடிவதற்குள் ஒன்றிலாவது பதிவு செய்து பார்க்கலாம். நுழைவு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு முன்னரே மூடப்பட்டுவிடும். ஆகவே தாமதிக்க வேண்டாம்.